முப்பத்து நான்காவது மடை

என் மச்சான் நான் சொன்னதை நம்பவில்லை. என் மனைவியின் தம்பி அவர். கல்யாணமான நாளிலிருந்து என்னை அத்தான் என்று கூப்பிடுகிறவர். ஒரு மார்கழியில் அவருடைய பயிர் தண்ணீரில்லாமல் போனது. என் கணினியில் ஓர் எழுத்து செய்ய வேண்டிய வேலையைச் செய்யாததுதான் அதற்குக் காரணம். அதைச் சொன்னபோது, "சரிங்க அத்தான், விடுங்க" என்றார். கோபப்பட்டிருந்தால்கூட நம்பிவிட்டார் என்று நினைத்திருப்பேன். கோபப்படவே இல்லை.

எங்கள் ஊர் வலங்கைமானுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊருக்குள் வரும் கிளை வாய்க்காலில் முப்பத்து நான்கு மடைகள். கரையை வெட்டி வயலுக்குத் தண்ணீர் வாங்கும் திறப்புதான் மடை. எண்ணுவது எனக்கு ஒரு வியாதி. பஸ்ஸில் உட்கார்ந்தால் மின்கம்பங்களை எண்ணுவேன். வரப்பில் கொக்கு நின்றால் எண்ணாமல் தாண்ட மாட்டேன். "தோசைய எண்ணுறவரு பசியாறுனதா சரித்திரம் கிடையாது" என்பாள் என் மனைவி. பாசனத் துறை அலுவலகத்தில் ஆற்று நீர்மட்டத்தை எழுதிக் கூட்டிக் கொடுக்கும் வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்தவனுக்கு வேறு எந்த வியாதி வரும்?

ஆற்றில் தாராளமாகத் தண்ணீர் வரும் வருடத்தில் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. குறைந்து வரும் வருடத்தில் முறை வைப்பார்கள். ஒரு முறை தலைமடையில் ஆரம்பித்துக் கடைமடையில் முடியும். அடுத்த முறை கடைமடையில் ஆரம்பித்துத் தலைமடையில் முடியும். கடைசி ஆளுக்கு வருவதற்குள் ஆற்றில் தண்ணீர் இறங்கிவிடலாம். மேலிடத்து உத்தரவு வந்தால் வாய்க்கால் பணியாளரான லஸ்கர் தலைப்பு மதகின் ஷட்டரை இறக்கிவிடுவார். அதனால் இந்த முறை கடைசியாக நிற்கிறவன் அடுத்த முறை முதலாளாக வாங்கிக்கொள்வான். எந்தத் தலைமுறையில் இதை வகுத்தார்களோ தெரியாது. எங்கள் வாய்க்காலில் மனிதர்கள் ஏற்படுத்திய காரியங்களில் சண்டை குறைவாக நடந்தது இது ஒன்றில்தான்.

நான் ஓய்வு பெற்று வந்ததும் விவசாயிகள் சங்கத்தார் இந்த முறைப் பட்டியல் போடும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். எனக்கென்று நிலம் கிடையாது என்பதுதான் என்னிடம் கொடுத்ததற்குக் காரணம். அலுவலகத்தில் நீர்மட்டக் கணக்குக்காக ஷெல் கட்டளைகள் எழுதப் பழகியிருந்தேன். கட்டளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்தால், கணினி அவற்றைத் தானே வரிசையாகச் செய்து முடிக்கும். அதேபோல இதற்கும் எழுதினேன். பெயர், போன் எண், மடை எண் ஆகியவை கொண்ட ஒரு கோப்பு. அதை மடை எண்ணைப் பார்த்து வரிசைப்படுத்த sort என்ற கட்டளை. ஒற்றைப்படை முறைக்கு நேர் வரிசை. இரட்டைப்படை முறைக்கு sort-க்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடும் r என்ற எழுத்தும். அந்த r வந்தால் வரிசை தலைகீழாகும். பிறகு சிம் போட்ட டாங்கிள் வழியாக ஒவ்வொருவருக்கும், உங்கள் முறை இன்ன நாள் இன்ன நேரம் என்று செய்தி போகும். நான் வீட்டில் இல்லாவிட்டாலும் குறித்த வேளையில் அது தானே ஓடும். நான்கு வருடம் ஒரு குறையுமில்லாமல் ஓடியது.

மச்சானுடையது முப்பத்து நான்காவது மடை. கோயில் நிலம், குத்தகைக்கு இரண்டு ஏக்கர் சொச்சம். காலையில் வயலுக்குப் போகிற வழியில் எங்கள் வாசலில் மொபெட்டை நிறுத்துவார். இறங்க மாட்டார். அக்கா கொண்டுவந்து கொடுக்கும் காபியை வண்டியில் உட்கார்ந்தபடியே குடிப்பார்.

"என்ன அத்தான், மெஷின் நல்லாருக்கா?"

"இருக்கு மாப்ள. இந்த முறை உங்களுக்குக் கடைசி."

"எனக்கென்னங்க, உங்க மெஷின் தலைகீழா நின்னாத்தான் நான் மொத ஆளு. நிக்கிறப்ப நிக்கட்டும்."

இந்த ஆப்ஷன் எழுத்துகளைப் பற்றி எனக்கு ஆரம்பத்திலிருந்தே மனக்குறை உண்டு. ஒரே எழுத்து ஒவ்வொரு கட்டளையிடமும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். நகலெடுக்கும் கட்டளைக்கு r போட்டால், உள்ளே உள்ள ஃபோல்டர்களையும் சேர்த்து எடு என்று பொருள். sort-க்கு அதே r தலைகீழ். அழிக்கும் கட்டளைக்கு i போட்டால், "அழிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு அழிக்கும். கோப்புக்குள் எழுத்தை மாற்றும் வேறொரு கட்டளைக்கு அதே i போட்டால், கேட்காமலே மூலக் கோப்பிலேயே கைவைத்துவிடும். எங்கள் அலுவலகமும் அப்படித்தான் இருந்தது. ஒரு மேசையில் செல்லும் கையெழுத்து அடுத்த மேசையில் செல்லாது. ஆனால் அங்கே மேசைக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தார். "இது செல்லாதுங்க" என்று மூஞ்சியில் அடித்த மாதிரியாவது சொல்வார்.

அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றிவிட்டது. கார்த்திகையிலேயே முறை வைக்க வேண்டியதாயிற்று. அதே சமயத்தில் நடுமடை ஒன்றில் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அவர்கள் பெயர்களைத் தனித்தனியாகப் போட்டு, சங்கச் செயலாளர் எனக்குப் புதுப் பட்டியல் அனுப்பினார். பழைய பட்டியலில் மடை எண்கள் 01, 02 என்று பூச்சியத்தோடு இருக்கும். இவர் வெறும் 1, 2 என்று அடித்திருந்தார். ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுக்கு அடுத்து பத்து வந்தது. கணினி அதை எண்ணாகப் பார்க்காமல் எழுத்தாகப் பார்த்ததால் வந்த வினை.

எனக்குத் தெரிந்த வைத்தியம்தான். பெயர், போன் எண், மடை எண் என்று நெடுக நிற்கும் பத்திகளில் எதைப் பார்த்து வரிசைப்படுத்துவது என்று சொல்லும் இடத்தில், பத்தியின் எண்ணோடு ஒட்டி n என்ற எழுத்தைப் போட்டேன். இதை எண்ணாகப் பார் என்று அர்த்தம். ஒன்று, இரண்டு, மூன்று என்று சரியாக வந்தது. அப்போது நடந்துகொண்டிருந்தது ஒற்றைப்படை முறை. கடைசிவரை எண்ணிப் பார்த்துவிட்டு மூடி வைத்தேன். நேர் வரிசை சரியானால் தலைகீழ் வரிசையும் சரியாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள் என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

பிறகு மனைவியின் கண் ஆபரேஷனுக்காகத் தஞ்சாவூர் போனோம். போன இடத்தில் அவளுக்குச் சர்க்கரை இறங்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தரைக் கற்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மச்சான் தினமும் சாயந்திரம் போன் செய்வார்.

"அக்காவுக்கு எறங்குச்சா அத்தான்?"

"இன்னும் இல்ல மாப்ள. பயிர் எப்படி இருக்கு?"

"தொண்டைக் கதிர்ல நிக்குது."

"தண்ணி?"

"அது வரும். நீங்க அக்காவுக்கு நேரத்துக்கு சாப்பாடு குடுங்க. அவங்க கேக்காம இருப்பாங்க."

தொண்டைக் கதிர் என்றால் கதிர் தண்டுக்குள்ளேயே இருந்து வெளியே வரக் காத்திருக்கிற பருவம். நெல்லுக்கு ஆயுசில் மிகவும் தண்ணீர் தேவைப்படுவது அப்போதுதான். அந்த வாரம் இரட்டைப்படை முறை ஆரம்பம். தலைகீழ் வரிசையில் முதல் ஆள் மச்சான். அவருக்குத் தண்ணீர் ஏறியிருக்கும் என்று நான் நிம்மதியாக இருந்தேன். வீட்டில் கணினி தன் பாட்டுக்கு ஓடியது. செய்திகள் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தன.

ஒரு வழியாக ஆபரேஷன் முடிந்து ஊருக்குத் திரும்பினோம். கறுப்புக் கண்ணாடி போட்ட மனைவியைக் கையைப் பிடித்துப் பஸ்ஸிலிருந்து இறக்கினேன். நிறுத்தத்தில் முதலாவது மடைக்காரர் நின்றிருந்தார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"உங்கள மாதிரி ஆளு ஊருக்கு ஒருத்தரு வேணுங்க."

"என்ன விஷயம்?"

"என்ன இப்படிக் கேக்குறீங்க? இந்த முறை கடைமடைக்கில்ல மொதல்ல போவணும். மறுபடியும் எங்களுக்கே மொதல்ல வந்துச்சு. எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஆனா ஒண்ணு, சொந்த மச்சானையே கடைசில தூக்கிப் போட்டீங்க பாருங்க! அதுல ஏதோ ஞாயம் இருக்கும்னு கடைமடைக்காரங்ககூட வாயத் தொறக்கல."

"இப்ப தண்ணி எங்க நிக்குது?"

"எங்க நிக்குதா? ஆத்துலயே இல்லீங்க. ஷட்டர எறக்கிட்டாங்க. இருபத்தெட்டாவது மடையோட சரி."

என் கையைப் பிடித்திருந்த மனைவியின் விரல்கள் இறுகின. 

வீட்டுக்குப் போய்ப் பையைக்கூட இறக்காமல் கணினியைத் திறந்தேன். அனுப்பிய பட்டியலில் ஒன்று முதலில் இருந்தது, முப்பத்து நான்கு கடைசியில். கட்டளையில் r இருந்தது. நான்கு வருடமாக நின்ற இடத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. வேலைதான் செய்யவில்லை. விதிமுறையைத் தேடிப் படித்தேன். முன்னால் பொதுவாகப் போடும் எழுத்து, தனக்கென்று எழுத்து இல்லாத பத்திகளுக்கு மட்டும்தான் செல்லுமாம். ஒரு பத்தியோடு ஒட்டி ஏதாவது ஓர் எழுத்து வந்துவிட்டால், அந்தப் பத்தி பொதுவில் சொன்னதைக் கேட்காது. தனிக்குடித்தனம் போன பிள்ளை மாதிரி. n-ஐயும் r-ஐப் போல முன்னால் பொதுவில் நிறுத்தியிருந்தால் இரண்டும் வேலை செய்திருக்கும். ஒட்டி நிறுத்தியதால் ஒன்று மற்றதை ஊமையாக்கிவிட்டது. பிழை என்று ஒரு வரிகூட திரையில் வரவில்லை.

கடைசி ஆறு மடைக்காரர்களில் ஐந்து பேருக்குப் போர்வெல் இருந்தது. மச்சானுக்கு இல்லை. கோயில் நிலத்தில் குத்தகைக்காரர் போர் போட முடியாது.

வாய்க்கால் கரையோடு நடந்து போனேன். வழியெல்லாம் பச்சை. கடைசி வயல் மட்டும் வெளுத்திருந்தது. கதிர் பாதி வெளியே வந்து, பாதி தண்டுக்குள்ளேயே சிக்கி நின்றது. மச்சான் வரப்பில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அணைத்துவிட்டு எழுந்தார்.

"அக்கா கண்ணு தெரியுதா அத்தான்?"

"தெரியுது மாப்ள. இங்க..."

அவர் ஒரு கதிரை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். "பிதுக்கிப் பாருங்க. சாவி. காத்துதான் இருக்கு."

பிதுக்கினேன். பாலுமில்லை, மணியுமில்லை. "தப்பாப் போச்சு மாப்ள" என்று சொல்ல ஆரம்பித்தேன். புதுப் பட்டியல், பூச்சியம் இல்லாத எண்கள், n, r என்று எல்லாவற்றையும் சொன்னேன். குச்சியால் மண்ணில் எழுதியும் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அத்தான், நாலு வருஷமா வேல செஞ்ச எழுத்து, பக்கத்துல இன்னொரு எழுத்து வந்ததும் மறந்துருச்சாக்கும்?"

"மறக்கல மாப்ள, அதோட விதியே அப்படி."

"சரிங்க அத்தான்."

"நீங்க நம்பல."

"நம்புறதுக்கு என்ன இருக்கு? நெலமில்லாதவரு, ஞாயமா செய்வாருன்னுதான் ஊரு உங்ககிட்ட குடுத்துச்சு. தண்ணி கம்மியா வர்ற முறையில மச்சானுக்கு மொதல்ல குடுத்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. உங்க எடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பேன். அதுக்குப் போயி ஒரு காரணத்தக் கண்டுபிடிச்சிட்டு வராதீங்க. எனக்கு அதான் சங்கடமா இருக்கு."

"செய்தி தப்பா வந்தப்ப ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல? தெனம்தான் பேசினீங்களே!"

"என்னன்னு கேக்குறது? எனக்கு மொதல்ல வைங்கன்னா? அடுத்தவன் கேக்கலாம். சொந்தக்காரன் கேக்கக்கூடாதுங்க. அதுவும் நீங்க அக்காவ வச்சிக்கிட்டு ஆஸ்பத்திரில உக்காந்திருக்கீங்க."

 நான் யாருக்கும் சலுகை காட்டாதவன் என்று பெயரெடுத்திருந்தேன். அந்தப் பெயரே அவர் வாயை அடைத்துவிட்டது. வேறு எவனாவது பட்டியல் போட்டிருந்தால், மச்சான் மொபெட்டை எடுத்துக்கொண்டு போய் அவன் சட்டையைப் பிடித்திருப்பார். தண்ணீரும் வந்திருக்கும்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றாமல் சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

"அவன்கிட்ட போயி இங்கிலீஷ் எழுத்தெல்லாமா சொன்னீங்க?"

"நடந்தது அதுதானே?"

"தப்பாப் போச்சுடா தம்பின்னு சொல்லிருக்கலாம்."

"அதையும் சொன்னேனே."

"சொன்னீங்க. அதோட நிறுத்திருக்கணும்."

பொங்கல் வந்தது. எங்கள் பக்கத்தில் பிறந்த வீட்டிலிருந்து தம்பி சீர் கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். ஒவ்வொரு வருடமும் கரும்பு, மஞ்சள் கொத்து, வாழைத்தார், அதோடு அவர் வயலின் புது அரிசி ஒரு மரக்கால் வரும். அந்த வருடமும் வந்தார். மொபெட்டிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். மனைவி தாம்பாளத்திலிருந்த அரிசியை அள்ளினாள். கண் இன்னும் சரியாகத் தெளியவில்லை. விரலிடுக்கில் விட்டுப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். கடையில் வாங்கிய அரிசி, பாலிஷ் போட்டது.

"வழுவழுன்னு இருக்குடா."

"நல்ல அரிசிக்கா. வடிச்சா பொலபொலன்னு வரும்."

அவள் உள்ளே போய்விட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. கணினியை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். "மாப்ள, இத ஒரே ஒரு தடவ பாருங்க" என்றேன். அதே பட்டியல். முதலில் n இல்லாமல் r மட்டும் போட்டு ஓட்டினேன். எண்கள் தாறுமாறாக வந்தாலும் வரிசை கீழிருந்துதான் வந்தது. பிறகு n-ஐ ஒட்டிப் போட்டு ஓட்டினேன். ஒன்றாம் மடை மேலே வந்து நின்றது. எதனால் இப்படிச் செய்கிறாய் என்று sort-இடமே கேட்க இன்னொரு ஆப்ஷன் உண்டு. அதையும் போட்டுக் கேட்டேன். ஒரு வரி வந்தது.

"என்னங்குது?"

"நீ போட்ட r, கடைசிப் பட்சமா ஒப்பிடுறப்ப மட்டும்தான் செல்லும்ங்குது. ரெண்டு பேருக்கும் எல்லாம் சமமா இருந்து, வேற வழியே இல்லாதப்ப மட்டும்."

மச்சான் அந்த வரியை வெகுநேரம் பார்த்தார். எட்டாவது வரை படித்தவர். எழுத்துக் கூட்டிப் பார்த்திருக்கலாம்.

"இது முன்னாடியே அதுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"கேட்டாத்தான் சொல்லும்."

சிரித்தார். "நம்ம சாதி சனம் மாதிரியேதான் இருக்கு அத்தான்."

நம்பிவிட்டார் என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் கணினியின் மூடியை மெதுவாகச் சாய்த்து மூடினார். அழுகிற பிள்ளையிடமிருந்து பொம்மையை வாங்கிவைக்கிற மாதிரி இருந்தது அது.

"வேலை மெனக்கெட்டு இதெல்லாம் செஞ்சி வச்சிருக்கீங்க" என்றார். "அக்காவ கூப்பிடுங்க. ஒரு சேதி சொல்லணும்."

குத்தகையைக் கோயிலுக்கே திருப்பி எழுதிக் கொடுத்துவிட்டாராம். திருப்பூரில் மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறாராம். பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டு அழைத்துவர ஆள் வேண்டுமாம். "உங்களால இல்லீங்க அத்தான்" என்று மூன்று தடவை சொன்னார். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

கட்டளையைத் திருத்திவிட்டேன். இப்போது n-உம் r-உம் முன்னால் பொதுவில் நிற்கின்றன. ஒவ்வொரு முறைக்கும் அனுப்புவதற்கு முன், பட்டியலைக் கீழிருந்து மேலாகவும் மேலிருந்து கீழாகவும் விரல் வைத்து எண்ணுகிறேன். தானே ஓடும் ஏற்பாட்டை எடுத்துவிட்டேன். முப்பத்து நான்காவது மடை நிலத்தைக் கோயில் இன்னும் யாருக்கும் குத்தகைக்கு விடவில்லை. வயலில் கோரை மண்டிக் கிடக்கிறது. மச்சான் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று செயலாளர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். அடுத்த முறைக்குள் எடுத்துவிடுகிறேன் என்று நானும் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.

சென்ற வாரம் கடைமடையிலிருந்து முறை ஆரம்பித்தது. பட்டியலின் தலையில் மச்சான் பெயர். அனுப்பினேன். சற்று நேரத்தில் மனைவியின் போன் அடித்தது. அவள் அடுப்படியில் நின்று பேசிவிட்டு வந்தாள்.

"தம்பிதான். மெஷின் இன்னைக்கு என்னைய மொத ஆளா கூப்பிட்டிருக்கு, அத்தான்கிட்ட சொல்லுங்கன்னான். சிரிச்சான்."

"அப்படின்னா நம்பிட்டாரா?"

"அத நான் கேக்கலீங்க. சாப்ட்டியாடான்னுதான் கேட்டேன்."